உறக்கம் வராத இரவுகளும் ஒரு முகமூடியும்

தையல் மெஷினில் இருந்தபடியே நித்திரையாகி, ஊசி விரலில் ஏறிய அன்றுதான் தனக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது என்று அந்த அக்கா முதன்முதலாக நினைத்தார்.

கிளிநொச்சியில் வசிப்பவர். வயது 54. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2009இல் கணவரை இழந்தவர். முகாமில் இருந்து திரும்பி வந்து, தையலை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். மூத்த மகன் தூரத்தில் வேலை. மகள் மட்டும் கூட இருக்கிறாள்.

“இரவிலை நித்திரை வராது தங்கச்சி. ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக் கொண்டு கிடப்பன். விடிய எழும்பினால் தலை இடிக்கும். பகலிலை கண்ணைத் திறக்க ஏலாது. யோசினை கூடிப் போச்சு, அதுதான் எண்டு நினைச்சன். எங்கள் எல்லாருக்கும் யோசினைதானே” என்றார்.

‘யோசினை கூடிப் போச்சு.’ நம்மில் எத்தனை பேர் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருத்தங்களை மூடி வைத்திருக்கிறோம்!

கிளினிக்கில் அவருக்குப் பிறஷர் குளிசை கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் குறையவில்லை. ஒரு நாள் வைத்தியர், “குறட்டை விடுவீர்களா?” என்று கேட்டார். “தெரியாது” என்றார் அக்கா. உண்மைதான். பக்கத்தில் படுத்து, விடிந்ததும் சொல்வதற்கு ஆள் இல்லாதவருக்குத் தன் குறட்டை எப்படித் தெரியும்? மகளைக் கேட்டபோதுதான், “அம்மா குறட்டை விடுவா, பிறகு சத்தமே இல்லாமல் போகும், பிறகு திடுக்கிட்டு மூச்சு இழுப்பா. கனவு கண்டு பயப்பிடுறா எண்டு நினைச்சு நான் தட்டிக் குடுப்பன்” என்றாள்.

பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பி, ஒரு இரவு முழுவதும் உடலில் வயர்கள் பொருத்திச் சோதித்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 34 தடவை அவரது மூச்சு தடைப்பட்டிருந்தது.

இது என்ன வருத்தம்?

இதற்கு உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் என்று பெயர். நாம் நித்திரை கொள்ளும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கிடுவார்கள். மூச்சு முற்றாக நிற்காமல் பாதியாகக் குறைகிற தடவைகளும் கணக்கில் சேரும். மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் என்றால் கடுமையானது.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து நம்மைத் தட்டி எழுப்புகிறது. ஒரு தடவை மூச்சு இழுத்ததும் மீண்டும் நித்திரை. எழும்பியது நமக்கு நினைவில் இருக்காது. ஆனால் இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அது இரவு முழுவதும் தொடர்ந்து விழுகின்ற அடி. கவனிக்காது விட்டால் உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழி செய்யும். நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த நோய் அதிகமாகக் காணப்படுகிறது.

ஆண்களுக்கு வருகின்ற நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இதன் ஆபத்துக் கூடுகிறது. பெண்களிடம் பலமான குறட்டைக்குப் பதிலாக வேறு அறிகுறிகளே முன்னுக்கு நிற்கும். நித்திரை வராமை, தீராத களைப்பு, காலைத் தலையிடி, மனச்சோர்வு, இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழும்புதல் என்பன அவை. இவற்றைச் சொன்னால் ‘மனக்கவலை’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. உடல் பருமன் முக்கிய காரணம் என்றாலும் மெலிந்தவர்களுக்கும் வரலாம். தாடை சிறிதாக உள்ளவர்கள், கழுத்துப் பருத்தவர்கள், தைரொயிட் குறைபாடு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நித்திரை வராமையும் மூச்சுத் தடையும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பது அபூர்வம் அல்ல. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வைத்தியர்கள் 1973இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றைக் கூட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

காற்று அடிக்கும் மெஷின்

காற்றில்லாத சைக்கிள் ரியூப் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். காற்று அடித்தால் விரிந்து நிற்கும். இந்தச் சிகிச்சையின் தத்துவமும் அதுதான். ஒரு சிறிய மெஷின் அறையின் காற்றை இழுத்து, குழாய் வழியாக, முகமூடி மூலம் மூக்குக்குள் மெல்லிய அழுத்தத்துடன் அனுப்புகிறது. அந்த அழுத்தம் தொண்டை வழியை ஒட்டவிடாமல் திறந்து வைத்திருக்கிறது. சீபாப் என்று இதைச் சொல்வார்கள். இது ஒட்சிசன் மெஷின் அல்ல. சாதாரணக் காற்றுத்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் அவுஸ்திரேலியாவின் கொலின் சலிவன் என்ற வைத்தியர். 1980இல் சிட்னியில் முதன்முதலாகப் பரீட்சித்து, 1981இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னர் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே சிகிச்சையாக இருந்தது. ஆரம்ப காலத்து முகமூடிகளை ஒவ்வொரு இரவும் மூக்கில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்ததாம். இன்று மெல்லிய சிலிக்கன் முகமூடிகள் பல அளவுகளில் வந்துவிட்டன.

11 நாளில் கைவிட்ட கதை

கனடாவில் இருக்கும் தங்கை தன் கணவர் பாவித்த மெஷின் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினார். அதோடு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய முகமூடியும் வந்தது. வைத்தியசாலையில் அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

முதல் இரவு 40 நிமிடம். இரண்டாம் இரவு கழற்றி எறிந்துவிட்டார். 11ஆம் நாள் மெஷின் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

“முகத்தை மூடினதும் எனக்குப் பங்கர் ஞாபகம் வந்திட்டுது. நாலு பேர் இருக்கிற இடத்திலை பதினொரு பேர். மேலை மண் கொட்டுது. மூச்சு எடுக்க ஏலாது. அதுக்குப் பிறகு இந்த மாஸ்க்கைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். இன்னொண்டும் சொல்லுறன். ஆம்பிளையில்லாத வீடு. படலைச் சத்தம், நாய் குரைக்கிற சத்தம் எல்லாத்துக்கும் என்ரை காது முழிச்சிருக்கும். இந்த மெஷின் சத்தத்திலை ஆரும் வந்தாலும் கேளாதே?”

இந்த இரண்டு பயங்களையும் யாரும் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. ஷெல் விழுந்த இரவுகளில் விழித்திருந்ததால்தான் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிரைக் காக்க உடல் கற்றுக்கொண்ட பாடம் அது. ஆபத்து முடிந்த பிறகும் உடல் அந்தப் பாடத்தை மறக்க மறுக்கிறது. ஆனால் மெதுவாக, கட்டாயப்படுத்தாமல், உடலுக்கு வேறொரு பாடத்தையும் பழக்கலாம்.

பிறஷர் இறங்காததைக் கண்ட கிளினிக் தாதி விசாரித்தபோது அக்கா உண்மையைச் சொன்னார். அவர் ஏசவில்லை. மனநலப் பிரிவில் உள்ள ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிச் சென்றார். அங்கிருந்துதான் இரண்டாவது முயற்சி ஆரம்பமானது.

பகலில் பழகுதல்

“இரவில் போட வேண்டாம். பகலில் பழகுங்கள்” என்றார் ஆலோசகர். அவர் சொல்லிக் கொடுத்த படிகள் இவை.

முதலில் முகமூடியைக் கையில் வைத்திருப்பது. மடியில் வைத்துக்கொண்டு ரீவி பார்ப்பது. அடுத்து, வார் பூட்டாமல் கையால் மூக்கில் பிடித்து, சில நிமிடம் மூச்சு விடுவது. விரும்பிய கணத்தில் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரிய வேண்டும். அதன் பின் மெஷினைப் போட்டு, காற்று வரும்போது பிடித்துப் பார்ப்பது. பிறகு வாரைப் பூட்டி, கதிரையில் இருந்தபடி 20 நிமிடம். பிறகு கட்டிலில் சாய்ந்து. கடைசியாகத்தான் இரவு.

ஒரு படியில் நெஞ்சு படபடத்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அது தோல்வி அல்ல. அக்காவுக்கு இந்தப் படிகளுக்கு மூன்று கிழமை எடுத்தது.

இரண்டாவது பயத்துக்கு மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷினை ஓடவிட்டு அக்காவைப் படுக்கச் சொன்னாள். வெளியே போய்ப் படலையைத் திறந்தாள். நாய் குரைத்தது. அக்காவுக்கு இரண்டு சத்தமும் கேட்டது. மூன்று இரவு இப்படிச் செய்து பார்த்தார்கள். கதவுக்கு உள் தாழ்ப்பாள் ஒன்றும் புதிதாகப் போட்டார்கள். தலைமாட்டில் ரோர்ச் லைற். “அதுக்குப் பிறகுதான் என்ரை காது கொஞ்சம் ஓய்ஞ்சது” என்கிறார்.

முகமூடி முகத்துக்குப் பொருந்த வேண்டும்

பெரிய முகமூடி அக்காவுக்குப் பொருந்தவில்லை. வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கே அது தேவை. அவர் வாயால் மூச்சு விட்டதற்குக் காரணம் மூக்கடைப்பு. அதற்கு மருந்து எடுத்து, உப்பு நீரால் மூக்கைக் கழுவிய பின்னர், மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சிறிய வகைக்கு மாற முடிந்தது. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லாததால் மூடிவைத்த உணர்வு குறைந்தது.

முகமூடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள்:

இருந்தபடி அல்ல, படுத்தபடி, மெஷின் ஓடும்போதே வாரைச் சரிசெய்யுங்கள். படுக்கும்போது முகத்தின் வடிவம் மாறும்.

காற்று கசிந்தால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள். அது பிழை. இறுக்கினால் சிலிக்கன் மடிந்து இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண் வரும். வாருக்குக் கீழே விரல் நுழைய வேண்டும். காலையில் தெரிகிற சிவப்பு அடையாளம் சிறிது நேரத்தில் மறைந்தால் பயமில்லை. தோல் உரிந்தால் வைத்தியசாலையில் காட்டி அளவை மாற்றுங்கள்.

நம் பெண்கள் இரவில் தலைக்கும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய் பூசுவது வழக்கம். எண்ணெய் பட்டால் முகமூடி வழுக்கும், சிலிக்கனும் கெதியில் பழுதாகும். எண்ணெயைக் காலையில் வையுங்கள். இரவில் முகத்தைக் கழுவித் துடைத்த பிறகே போடுங்கள். உயரக் கொண்டை போட்டால் வார் நழுவும். தாழ்வாகப் பின்னல் போட்டால் சரி. மூக்குத்தி முகமூடியில் உரசினால் இரவில் கழற்றி வையுங்கள்.

கன்னத்தில் வார் உரசினால் பழைய பருத்திச் சேலைத் துண்டை மடித்து வாருக்கு உறை தைத்துப் போடலாம். அக்கா தானே தைத்தார். ஆனால் முகமூடியில் இருக்கும் சிறு துளைகளை ஒருபோதும் மூடக்கூடாது. நாம் வெளிவிடும் காற்று போகின்ற வழி அது.

முதலில் மெல்லிய காற்றில் ஆரம்பித்து மெதுவாகக் கூடுகிற வசதி அநேகமான மெஷின்களில் உண்டு. காற்று முகத்தில் அடிப்பது போல் இருந்தால் அதைப் போட்டுத் தரும்படி கேளுங்கள். அழுத்தத்தின் அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம். அதுவும் மருந்தின் அளவு போன்றதே.

“இடையில் கரண்ட் நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேனோ?” என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. மூக்கை மட்டும் மூடும் வகையில் வாயால் மூச்சு விடலாம். முழு முகமூடியில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. கரண்ட் நின்றால் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பிப் படுங்கள்.

கட்டிலைப் பகைவனாக்க வேண்டாம்

முகமூடி பழகிய பின்னரும் அக்காவுக்கு நித்திரை வரவில்லை. இப்போது முகமூடியோடு விழித்திருந்தார், அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் பலர் ‘மெஷினால் பிரயோசனமில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

நித்திரை வராமைக்குக் குளிசை இல்லாத ஒரு சிகிச்சை இருக்கிறது. பழக்கங்களை மாற்றும் சிகிச்சை அது. அவுஸ்திரேலியாவில் இரண்டு வருத்தமும் உள்ள 145 பேரிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. மெஷினுக்கு முன்னர் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களை விட இரவுக்குச் சராசரியாக 61 நிமிடம் கூடுதலாக மெஷினைப் பாவித்தார்கள்.

அக்கா இரவு 8.30க்கே படுத்துவிடுவார். காலை 5 மணிக்கு எழும்புவார். எட்டரை மணித்தியாலம் கட்டிலில். நித்திரையோ ஐந்து மணித்தியாலம் கூட இல்லை. மிகுதி நேரம் முழுவதும் கட்டில் என்றால் கவலைப்படும் இடம் என்று உடல் பழகிவிட்டது. “11 மணிக்கு முன்னர் படுக்க வேண்டாம். 5 மணிக்குக் கட்டாயம் எழும்புங்கள். பகல் தூக்கம் வேண்டாம்” என்றார் ஆலோசகர். இரண்டாம் கிழமையில் படுத்த சிறிது நேரத்தில் கண் அயர்ந்தது. பிறகு படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டு வந்தார்.

கவனம்: இதை வைத்தியரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஆரம்ப நாட்களில் பகல் தூக்கம் கூடும். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓடுவதையும் நெருப்பு, எண்ணெய்ச் சட்டி வேலைகளையும் தவிருங்கள். வலிப்பு உள்ளவர்கள் செய்யக்கூடாது.

படுத்து ஏறக்குறைய 20 நிமிடத்துக்குள் நித்திரை வராவிட்டால், குழாயைக் கழற்றிவிட்டு எழும்புங்கள். மங்கலான வெளிச்சத்தில் இருந்து ஏதாவது அமைதியான வேலை செய்யுங்கள். கண் சொருகும்போது திரும்பப் படுத்து, குழாயைப் பூட்டுங்கள். மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். பின்னேரம் ஆன பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம்.

கடையில் நித்திரைக் குளிசை வாங்கிப் போடுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சில குளிசைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சுத் தடையைக் கூட்டும். உங்களுக்கு இந்த வருத்தம் இருப்பதை வைத்தியரிடம் சொல்லாமல் எதையும் போட வேண்டாம். ஏற்கெனவே போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து மெஷின் வந்தால்

உறவுகள் அனுப்பும் பாவித்த மெஷின்கள் நம் பகுதிகளுக்கு வருகின்றன. உதவிதான். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் தனது மெஷின்களில் பல வகைகளை 2021 ஜூனில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பதே காரணம். ஆகவே வகையின் பெயரையும் தொடர் இலக்கத்தையும் அனுப்புகிறவரிடமே சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டு மின் அழுத்தமான 230 வோல்ற்றுக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். முகமூடியும் குழாயும் புதிதாகவே இருக்க வேண்டும். அழுத்தத்தை உங்களுக்கென்று வைத்தியசாலையில் சரிசெய்த பிறகே பாவியுங்கள்.

மெஷினில் ஈரப்பதத்துக்கு நீர்த் தட்டு இருக்கும். யாழ்ப்பாணத்து சுண்ணாம்புக் கிணற்று நீரை அப்படியே விட்டால் வெள்ளைப் படலம் படியும். வடித்த நீரே நல்லது. கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய நீரை விட்டு, தினமும் காலையில் ஊற்றிவிட்டுத் தட்டைக் கழுவிக் காய விடுங்கள். முகமூடியைத் தினமும், குழாயைக் கிழமைக்கொரு தடவை, இலேசான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காய விடுங்கள். தூசி வடியைக் கவனியுங்கள். நம் செம்மண் தூசியில் அது கெதியில் அடைபடும்.

மெஷின் வாங்க வழியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இலேசான நோய் உள்ள சிலருக்கு மல்லாந்து படுக்கும்போதுதான் மூச்சு அடைபடும். நைற்றியின் முதுகுப் பக்கம் ஒரு பொக்கற் தைத்து, அதற்குள் ரெனிஸ் பந்தைப் போட்டால் மல்லாந்து படுக்க முடியாது. உடல் எடையைக் குறைப்பதும் பலன் தரும். கடுமையான நோய்க்கு இவை மட்டும் போதா.

இப்போது

நான் அந்த அக்காவைக் கடைசியாகச் சந்தித்தபோது, இரண்டாம் முயற்சி ஆரம்பித்து நான்கு மாதம். இரவில் ஐந்து மணித்தியாலம் அளவில் முகமூடி போடுகிறார். நாலு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் நல்ல பாவனை என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இன்னும் கூடினால் இன்னும் நல்லது. காலைத் தலையிடி இல்லை. இரவில் நாலு தடவை எழும்பியவர் ஒரு தடவைதான் எழும்புகிறார். பிறஷர் குளிசையைக் கூட்டவில்லை.

கனவுகள் நின்றனவா என்று கேட்டேன்.

“நிக்கேல்லை தங்கச்சி. அவர் வருவார், பங்கரும் வரும். ஆனால் முந்தி மூச்சு முட்டி எழும்புவன். இப்ப எழும்பினாலும் மூச்சு இருக்கு. அது பெரிய விசயம்” என்றார். அந்தக் கனவுகளுக்காக ஆலோசகரிடம் இன்னும் போகிறார். மகள் இப்போது இரவில் அவரைத் தட்டிக் கொடுக்கத் தேவையில்லை. அவளும் நித்திரை கொள்கிறாள்.

அன்பான சகோதரிகளே, பக்கத்தில் படுத்துச் சொல்ல ஆளில்லை என்பதற்காக உங்கள் வருத்தம் தெரியாமல் போகக்கூடாது. பிள்ளையிடமோ சகோதரியிடமோ, “நான் நித்திரையில் எப்படி மூச்சு விடுகிறேன் என்று ஒரு இரவு கேட்டுப் பார்” என்று சொல்லுங்கள். ஃபோனில் ஒலிப்பதிவு செய்தும் பார்க்கலாம். அடுத்த கிளினிக்கில் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

அலுமாரிக்கு மேலே மெஷினை வைத்துவிட்டவர்கள் இருந்தால், இன்று பின்னேரம் அதை இறக்குங்கள். இரவு போட வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு ரீவி பாருங்கள். இன்றைக்கு அது போதும்.